ஊருக்குள் வராதே என்று அவளிடம்தான் சொன்னார்கள்

ஜனவரி 21 வந்தால் ஸ்வீடனில் ஃபாதிமே ஷாஹிந்தாலை நினைவுகூர்வார்கள். 2002இல் அதே நாளில், உப்சாலா நகரத்தில் சகோதரியின் வீட்டில், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருக்கும்போதே பெற்ற அப்பா அவளைச் சுட்டுக் கொன்றார். அவளுக்கு வயது 26. படிப்புக்காகக் கென்யா கிளம்பவேண்டிய நேரம். போவதற்கு முன்னால் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தெரியாமல் வந்திருந்தாள்.

அவளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ‘துணிச்சல்காரி’ என்று எழுதுகிறார்கள். துணிச்சல்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்வதில் எனக்குக் கோபம் உண்டு. ஏனென்றால் நாம் பெண்களுக்குச் சொல்லும் புத்திமதி எல்லாவற்றையும் அவள் செய்து பார்த்துவிட்டாள்.

துருக்கியில் குர்து இன மக்கள் வாழும் ஒரு கிராமத்தில் பிறந்து ஏழு வயதில் ஸ்வீடனுக்கு வந்தவள். வீட்டில் போட்ட கணக்கு, ஊருக்குப் போய் சொந்தத்தில் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது. கம்ப்யூட்டர் வகுப்பில் பாட்ரிக் என்ற ஸ்வீடன் பையனைச் சந்தித்தாள், காதலித்தாள். ஒரு நாள் தெருவில் இருவரும் அப்பா கண்ணில் பட்டுவிட்டார்கள். அங்கேயே அடி. அவள் வீட்டைவிட்டு வெளியேறினாள். அப்பாவும் தம்பியும் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். போலீசுக்குப் போனாள். முதலில் அவளுக்குக் கிடைத்த பதில்: வீட்டில் போய்ப் பேசிப் பாரம்மா. (இந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?) தொலைக்காட்சிக்குப் போய்த் தன் முகத்தைக் காட்டியே பேசினாள். வழக்கு நடந்தது. 1998இல் அப்பாவும் தம்பியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூனில், அவளும் பாட்ரிக்கும் ஒரே வீட்டில் குடியேற இருந்த நாளில், அவன் கார் விபத்தில் இறந்துபோனான்.

அதற்குப் பிறகும் அவள் உடைந்து உட்காரவில்லை. வடக்கே வெகுதூரத்தில் ஓஸ்டர்சுண்ட் என்ற ஊரில் சமூகப் பணி படிக்கப் போனாள். 2001 நவம்பர் 20ஆம் தேதி, ஸ்டாக்ஹோமில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கருத்தரங்கில் தன் கதையைச் சொன்னாள். தன்னைப் போன்ற மற்றப் பெண்களுக்கு இது உதவட்டும் என்றுதான் பேச வந்தேன் என்றாள். சரியாக இரண்டு மாதத்தில் ஆள் இல்லை.

அந்தப் பேச்சில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு ஓர் இடம். தன்னைக் கொல்லத் துடிக்கும் குடும்பத்தை அவள் வாய்க்கு வந்தபடி திட்டவில்லை. என் பெற்றோரை இந்தச் சமூகம் கொஞ்சம் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தால், பொறுப்பெடுத்து உதவியிருந்தால், இது நடக்காமலே போயிருக்கலாம் என்ற பொருளில் பேசினாள். இத்தனை பட்டும் இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? இன்று அவள் படத்தைப் போட்டு ‘வந்தேறிகள் எல்லாம் இப்படித்தான்’ என்று எழுதுகிறவர்கள் அந்தப் பேச்சை ஒரு தடவையாவது படிக்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நடுவில் ஓர் ஒப்பந்தம் பேசினார்கள். ஃபாதிமேயைப் போலவே குர்து இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் நாடாளுமன்ற உறுப்பினர் நல்லெண்ணத்தோடு இரண்டு பக்கமும் பேசி முடித்துவைத்தது. அப்பா மகளைத் தொடமாட்டார். பதிலுக்கு மகள் உப்சாலா பக்கம் வரக்கூடாது. கொலை மிரட்டல் விட்டவர் தன் வீட்டில், தன் தெருவில், தன் சொந்தக்காரர்கள் நடுவில் இருக்கலாம். மிரட்டப்பட்டவள் ஊரை இழக்கவேண்டும், அம்மாவை இழக்கவேண்டும், தங்கைகளை இழக்கவேண்டும். பாட்ரிக்கின் கல்லறையும் அந்த ஊரில்தான்.

இதற்குப் பெயர் பாதுகாப்பா? அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளுக்கே தண்டனை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். 26 வயதுப் பெண்ணுக்கு அம்மாவைப் பார்க்கத் தோன்றாதா? தோன்றியது. ஒளிந்து ஒளிந்து பார்த்தாள். கொலை நடந்ததும் அப்படி ஒரு சந்திப்பில்தான்.

உப்சாலா பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. பட்டத்து இளவரசி விக்டோரியா வந்தார், அமைச்சர்கள் வந்தார்கள். பாட்ரிக்குக்குப் பக்கத்திலேயே அவளைப் புதைத்தார்கள். உயிரோடு வரக்கூடாது என்ற ஊருக்குள் அரச மரியாதையோடு வந்தாள். அப்பாவுக்கு ஆயுள் தண்டனை. நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது அவளுடைய தங்கை. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை.

1999இல் ஈராக்கின் குர்திஸ்தானில் சித்தப்பாமார் கையால் செத்த, ஸ்வீடனில் வாழ்ந்த 19 வயது பேலா, அப்புறம் ஃபாதிமே, இந்த இருவரையும் மறக்காதே என்ற பெயரிலேயே ஸ்வீடனில் ஓர் அமைப்பு இயங்குகிறது. மானத்தின் பேரில் நடக்கும் அடக்குமுறையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் அங்கே 2022இல்தான் வந்தது. இருபது வருடம்!

நம் ஊருக்கு வருவோம். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம், சாதி மாறிக் காதலித்துக் கட்டியதற்காக வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர். வெட்டுக்காயத்தோடு பிழைத்த மனைவி கௌசல்யா பெற்றவர்களுக்கு எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொன்னார். 2017இல் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் ஃபாதிமேயின் தங்கைதான் எனக்கு நினைவுக்கு வந்தாள்.

வழக்கறிஞரான தோழியோடு ஒருமுறை ஒரு மகளிர் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சின் ஒரு முனையில் பெண், மறுமுனையில் அழுதுகொண்டு அம்மா. அப்பா வெளியே டீக்கடையில் ஏழெட்டு பேரோடு நிற்கிறார். பெண்ணிடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள்: பெற்றோர் வீட்டுக்கு இனி வரமாட்டேன், சொத்தில் பங்கு கேட்கமாட்டேன். எழுதினாள். டீக்கடையில் நின்றவரிடம் யாரும் தாள் கொடுக்கவில்லை.

மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் வேண்டும், சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று 2025 அக்டோபரில் நம் அரசும் அறிவித்தது. அந்தச் சட்டத்தில் எனக்கு வேண்டியது இரண்டு. ‘இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது’ என்ற உத்தரவு மிரட்டியவர் பெயரில் இருக்கவேண்டும். அந்தப் பெண் அம்மாவைப் பார்க்க விரும்பினால், போலீஸ் காவலோடு, பகலில், ஒளிவுமறைவு இல்லாமல் பார்க்க வழி இருக்கவேண்டும்.