டிரெயின் போல்ட்டை ஏன் இப்படி முறுக்குறீங்க?

ஞாயித்துக்கிழமை வெயில் ஏறுறதுக்குள்ள ஆயில் மாத்திடலாம்னு நம்ம மாருதி 800-க்கு அடியில படுத்தேன், ஒன்றரை மணி நேரமாச்சு, பழைய ஆயிலை வடிக்கக் கழட்டுற டிரெயின் போல்ட் அசையவே மாட்டேங்குது. போன தடவை ஒர்க்‌ஷாப்ல விட்டப்ப எவனோ முழு பலத்தையும் போட்டு முறுக்கிருக்கான், போல்ட் தலை வேற தேஞ்சு போச்சு, ஸ்பேனர் நழுவி கை முட்டி பேந்ததுதான் மிச்சம். அந்த போல்ட் மாட்டியிருக்குற ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி, மெல்லிசு தகடுங்க, ஓவரா முறுக்கினா மரை போயிடும், அப்புறம் தண்டச் செலவு. ஒழுகாம பாத்துக்குறது அந்த சின்ன வாஷர்தான், அதை புதுசா போட்டு அளவா டைட் வச்சா போதும்ல! 2014-லயே தயாரிப்பு நின்னு போன வண்டி, 796 சிசி, மூணு சிலிண்டர், இன்னும் ஜம்முனு ஓடுது, அதைப் போய் இப்படி பண்ணிட்டாங்களேன்னு மனசே ஆறல. சாயங்காலம் கடைக்குப் போய் தேஞ்ச தலையை நழுவாம பிடிக்க ஆறு முனை சாக்கெட் வாங்கிட்டு வந்துதான் மறுபடி பாக்கணும்.