பெக்கோ வாங்க மட்டும் காசு குடுத்தா போதுமா?

டித்வா புயல் அடிச்ச 2025 நவம்பர் கடைசி வாரத்த இலங்கை மலையகத்துல யாரும் லேசுல மறக்கமாட்டோம். எங்க தோட்டத்துக்கு ஏறுற ரோட்டுல, மேட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, திரும்புற வளைவுல மண்ணு இறங்கி நாலு நாள் அப்படியே கிடந்துச்சு. ஆம்பள பொம்பள எல்லாருமா மம்பட்டி, அலவாங்கோட இறங்கி வெட்டினோம், வெட்ட வெட்ட மேல இருந்து சரிஞ்சுகிட்டே இருந்துச்சு. பக்கத்து லயத்து அக்கா நிறைமாசம், அவங்கள கம்பளியில வச்சு ஆறு பேரு அந்த சேத்துக்கு மேல தூக்கிட்டு போனத நினைச்சா இப்பவும் நெஞ்ச அடைக்குது.

அந்த நேரம் எங்க பிரதேச சபை யார்ட்டுல ஒரு பெக்கோ, அதான் மண்ணு வெட்டி அள்ளுற மெஷின், நின்னுச்சுங்க. ஹைட்ரோலிக் ஹோஸ் வெடிச்சு, பேட்டரி செத்து, பக்கெட்டுக்குள்ள புல்லு முளைச்சு நின்னுச்சு. கேட்டா ரிப்பேருக்கு ஒதுக்கீடு இல்ல, ஓட்டுனவரு பென்ஷன்ல போயிட்டாரு, புது ஆளு எடுக்க அனுமதி வரலன்னாங்க. கடைசியில வீட்டுக்கு ஆயிரம் ரூபா சேத்து பிரைவேட் மெஷின் ஒண்ணு பிடிச்சோம், டவுன்ல இருந்து கிளம்புன நேரத்துல இருந்தே மணிக்கணக்குல வாடகை. வந்து ரெண்டரை மணித்தியாலத்துல ரோட்ட தொறந்துட்டாங்க.

அரசாங்கம் காசே குடுக்கலன்னு நான் சொல்லல. ஆனா மெஷின் வாங்குறது மூலதனச் செலவு, ஒரு தடவ குடுத்தா முடிஞ்சுது. டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் மீண்டெழும் செலவு, வருஷா வருஷம் வேணும், அதத்தான் சபையே பாத்துக்கன்னு விட்டுடுறாங்க. சின்ன டவுன் ஒண்ணு, மிச்சமெல்லாம் தேயிலை மலைன்னு இருக்குற சபைக்கு வருமானம் எங்க இருந்து வரும்?

தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்கிறதுக்கு 1987 பிரதேச சபை சட்டத்துல இருந்த தடையே 2018 திருத்தத்துலதான் நீங்குச்சு. நுவரெலியா, அம்பகமுவ சபைகள பிரிச்சு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனைன்னு புதுச் சபைகள் வந்ததும் அந்த வருஷம்தான். அதிகாரம் வந்துச்சு சரி, மண்ண அள்ள மெஷின் வேணாமா?

இன்னொண்ணு, பெரிய மெஷின் இங்க சரிவராது. தோட்டத்து ரோட்டுல லொறி வந்தா ஆளு தண்ணி வடியுற கானுக்குள்ள இறங்கித்தான் வழி விடணும், அங்க எப்படி திருப்புறது? மூணு டொன் அளவுல சின்ன எக்ஸ்கவேட்டர் குடுங்க, லயத்துக்குப் பின்னால கான் வெட்டவும் உதவும். 2014ல மீரியபெத்தை தோட்டத்து மண்சரிவ பாத்தவங்க நாங்க, தண்ணி வடியாம மண்ணுக்குள்ள இறங்குனா என்ன ஆகும்னு தெரியும். 24 மணித்தியாலத்துல மழை 150 மில்லிமீட்டர் தாண்டுனா மண்சரிவு சிவப்பு எச்சரிக்கை வருது, அது வர்றப்பவே டீசல் அடிச்சு ஓட்டுறவரோட மெஷின் ரெடியா நிக்கணும், நாலு நாள் கழிச்சு இல்ல.

டிசம்பர் முடியறதுக்குள்ள சபை பட்ஜெட் பாஸ் பண்ணியாகணும். பெக்கோவுக்கு டீசல் எவ்வளவு, ரிப்பேருக்கு எவ்வளவு, ஓட்டப்போறது யாருன்னு உங்க வட்டார மெம்பர்கிட்ட கேளுங்க. நான் எங்க மெம்பர்கிட்ட கடிதமாவே குடுத்துட்டேன், லயத்துல எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க, அந்த அக்காவும் கைப்பிள்ளையோட வந்து போட்டாங்க.