இயேசு பேசியது ஒரே மொழியா?

இயேசு பேசியது எபிரெயு மட்டும்தான், அரமேயம் என்பதெல்லாம் கட்டுக்கதை என்று ஒரு பாஸ்டர் பெரிய வெள்ளிக்குப் போட்ட காணொளியைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் கீழே நான் போட்ட கேள்வியை அவர் நீக்கியதோடு நிற்காமல், "விசுவாசம் இல்லாதவர்கள் இப்படித்தான் குழப்புவார்கள்" என்று தனிப்பதிவும் போட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எபிரெயுவுக்கு நெருங்கிய உறவுள்ள அரமேயம் என்ற மொழி வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் கட்டிய கதை என்றால், மாற்கு 5:41-இல் யவீருவின் மகளை "தலீத்தாகூமி" என்று எழுப்பினாரே, அது எந்த மொழி பாஸ்டர்?

அன்றைய யூதேயாவில் ஒரே மொழி இருந்ததில்லை. வீட்டிலும் சந்தையிலும் பெரும்பாலும் அரமேயம். வேதம் எபிரெயு. நிர்வாகத்துக்கும் வியாபாரத்துக்கும் கிரேக்கம். ரோமர்களுக்கு லத்தீன். எருசலேமில் 1913-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. தேயொதொத் என்ற ஆசாரியன், தானும் ஜெபாலயத் (யூதர்கள் கூடி வேதம் வாசிக்கும் இடம்) தலைவன், அப்பாவும் தலைவன், தாத்தாவும் தலைவன் என்று சொல்லி, வேதம் வாசிக்க ஜெபாலயம் கட்டினேன், வெளியூர்க்காரர்கள் தங்க அறையும் தண்ணீர் வசதியும் செய்தேன் என்று வெட்டி வைத்திருக்கிறான். பத்து வரி. பத்தும் கிரேக்கம். எருசலேம் தேவாலயத்திலேயே, புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், இதைத் தாண்டினால் சாவுக்கு அவரவரே பொறுப்பு என்று எச்சரித்த கல்லும் கிரேக்கம்தான்.

"அப்படியானால் எபிரெயு செத்த மொழியா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நான் எங்கே சொன்னேன்? சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் பெரும்பகுதி எபிரெயு. நாசரேத் ஜெபாலயத்தில் ஏசாயாவின் புத்தகத்தை வாசித்த இயேசுவுக்கு எபிரெயு தெரியாமலா இருக்கும்? மற்ற மொழிகளே இல்லை என்பதைத்தான் ஏற்க மாட்டேன் என்கிறேன். அப்போஸ்தலர் 21-இல் பவுல் எபிரெயு பாஷையில் பேசினார் என்று காட்டுகிறீர்கள். சரி. அதற்கு மூன்று வசனம் முன்னால் ரோமச் சேனாபதி பவுலிடம், உனக்குக் கிரேக்கு பாஷை தெரியுமா என்று கேட்கிறானே, அதை ஏன் விட்டுவிட்டு வாசிக்கிறீர்கள்? சிலுவையின் மேல்விலாசமே மூன்று மொழியில் இருந்தது என்று யோவான் எழுதியிருக்கிறார்.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில், தமிழ் வேதத்துக்கு நடுவில் ஏன் புரியாத வார்த்தை வருகிறது என்று கேட்டேன். அதிகப்பிரசங்கி என்று எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா வேதத்தைத் திறந்து, "அடுத்த வரியிலேயே அர்த்தம் இருக்கு பாரு. கேட்கிறவங்களுக்குப் புரியணும்னு மாற்கே எழுதி வச்சிருக்கார். நீ கேட்டதுல தப்பில்ல" என்றார். கேட்பது பாவம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிரியாவில் மாலூலா என்றொரு மலையூர் இருக்கிறது. அங்கே இன்னமும் அரமேயம் பேசுகிறார்கள். 2013-இல் ஆயுதக் குழுக்கள் புகுந்தபோது அந்த ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய தாய்மொழியைத்தான் நீங்கள் மைக்கைப் பிடித்துக் கட்டுக்கதை என்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது.

கேள்வியை நீக்கியதைக்கூட விட்டுவிடுகிறேன். விசுவாசம் இல்லாதவர்கள் என்ற பதிவை என் அம்மாவும் படித்துவிட்டார். முதலில் அதை எடுங்கள், பாஸ்டர். மொழியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.