கோளாறு கசியவிடும், எழுதுமா?

அம்மாவின் செயின் பறிபோன கதையைச் சொல்லி, புகார் கொடுக்க வருகிறவரிடம் பேசவும் எழுதவும் போலீஸுக்குப் பயிற்சி வேண்டும் என்று நேற்று எழுதினேன். அதற்கு வந்த கமெண்டுகளில் பாதி, மாணவியின் எஃப்.ஐ.ஆர். கசிந்ததைப் பற்றி, "அது தொழில்நுட்பக் கோளாறு சார், புதுச் சட்டத்துக்கு மாத்தும்போது சிஸ்டத்துல வந்த பிரச்சினை" என்கிறது. சரி. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அந்த மாணவியின் எஃப்.ஐ.ஆர். கசிந்தது கோளாறாகவே இருக்கட்டும். உள்ளே இருந்த வாக்கியங்களை எழுதியதும் கோளாறா? அந்தப் பெண் மேலேயே பழி போடும் மொழி என்று உயர் நீதிமன்றம் கண்டித்ததே, அது எந்த சர்வரில் உற்பத்தியானது? 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது பொழுது போகாமலா?

(அந்த எஃப்.ஐ.ஆரை எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு அழுகிற பொம்மையும் வைத்த அண்ணாச்சி இதையும் படிப்பார். பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால், அந்தப் புதுச் சட்டமான பி.என்.எஸ். 72-ஆம் பிரிவின்படி 2 வருஷம் வரை உள்ளே, அண்ணாச்சி.)

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அடிபட்டு வந்தவரிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி எழுதுவது என்று போலீஸுக்குச் சொல்லிக்கொடுங்கள். கவாத்து சொல்லிக்கொடுக்கிறோம், துப்பாக்கி சொல்லிக்கொடுக்கிறோம். இதையும் சொல்லிக்கொடுங்கள்.

நாலு வருஷம் முன்னால் அம்மா விடியற்காலை பால் வாங்கப் போனபோது பைக்கில் வந்த இரண்டு பேர் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் ரத்தக் கோடு. ஸ்டேஷனில் முதல் கேள்வி: "நகைக்கு ரசீது இருக்கா?" அடுத்தது: "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம் போட்டுட்டு வர்றீங்க?" புகாரை எழுதிய ரைட்டர் ஒரு பெண்தான். பெண் போலீஸைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மா சொன்னது ஒன்று, அவர் எழுதியது ஒன்று. "நான் கவனக்குறைவாக நடந்து சென்றுகொண்டிருந்தபோது" என்று இருந்தது. அம்மா நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கிக்கொண்டதற்கான ரசீது, மட்டும்தான் கையில் கிடைத்தது.

"போலீஸுக்கு லீவு உண்டா, தூக்கம் உண்டா, பந்தோபஸ்து நின்று பார்" என்கிறார் ஒரு தம்பி. எல்லாம் உண்மை. ஆனால் "கவனக்குறைவாக" என்று எழுதாமல் விட்டால் ஒரு வார்த்தை மிச்சம்தானே தம்பி?

"மனிதாபிமானத்தைப் பயிற்சியில் கொண்டுவர முடியாது" என்கிறார் இன்னொருவர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு டாக்டர்கள் செய்யும் இரண்டு விரல் பரிசோதனை கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. டாக்டர்கள் விடவில்லை. 2022-ல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கூடவே, மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்துங்கள் என்றது. பாடத்தில் இருப்பதைத்தானே கை செய்யும்? குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கப் போகும்போது சீருடை போடாதே என்று சட்டமே சொல்கிறது. அவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள். நாம் என்னவோ இது பிறவிக்குணம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

"உங்க வீட்டுச் செயினும் அந்தப் பொண்ணுக்கு நடந்ததும் ஒண்ணா?" என்று இன்னொரு கமெண்ட். ஒன்று என்று எங்கே சொன்னேன்? செயினுக்கே இந்த எழுத்து என்றால், அந்தப் பெண் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்றுதான் கேட்கிறேன். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

செயின் கிடைத்ததா என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: கிடைத்தது. ஒன்றரை வருஷம் கழித்துக் கோர்ட்டில் வாங்கிவந்தோம். திறமையான போலீஸ்தான், யார் இல்லையென்றார்? அம்மா அதை இன்னும் கழுத்தில் போடவில்லை. நேற்று அந்த மாணவியின் செய்தி டிவியில் ஓடியபோது, யாரும் கேட்காமலே சொன்னார்: "நான் ஓரமாத்தாண்டா போனேன்."