பறக்குற மாரியோவ விட ஓடிக் குதிக்கிற மாரியோதான் எனக்கு

நேத்து ராத்திரி துபாய்ல இருக்குற எங்க அத்தை பையன் போன் பண்ணான், பேச்சு எங்கயோ ஆரம்பிச்சு மாரியோ வீடியோ கேம்ல வந்து நின்னுது, அப்புறம் ஒன்னேகால் மணி நேரம் அதே பேச்சுதான். "மாப்ள, சூப்பர் மாரியோ வேர்ல்டுக்கு மேல ஒரு மாரியோ இன்னும் வரலடா, நீ இன்னும் அந்த மூணாவது பாகத்து கேம் கேசட்டுலயே நிக்கிற"ங்கறான். போன்ல சொல்லி முடியல, ராத்திரி பூரா மனசுல கெடந்து உறுத்துது, அதான் இங்க எழுதறேன். நீளமா போவும், பொறுத்துக்குங்க.

எங்க ஊரு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியிற மூணாறு தலைப்பு சைக்கிள் தூரம். வீட்டுக்குக் கொல்லப்பக்கம் ஒரு வாய்க்கா. மே மாசம் லீவு விடுறப்ப காஞ்சு கெடக்கும், உள்ள எறங்கி கிரிக்கெட் வெளாடுவோம். மேட்டூர் தொறந்து தண்ணி வந்துட்டா கரைலேர்ந்து கரைக்குத் தாண்டுறதுதான் வெளாட்டு. அதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க, நின்ன எடத்துலேர்ந்து தாண்டுனா தண்ணிக்குள்ளதான் வுழுவ, பத்தடி பின்னால போயி ஓடி வரணும், கரை ஓரத்துல எந்தக் காலு ஊனுதுன்னு ஓடுறப்பவே தெரியணும், ஒரு அடி முன்னாடியே கெளம்பிட்டா எதிர்க்கரை களில முட்டி இடிக்கும், ஒரு அடி தாமசிச்சா கரை மண்ணு சரிஞ்சு காலோட போயிடும். மாரியோ வெளாண்ட முதல் நாளே எனக்கு இது இன்ன வெளாட்டுன்னு புரிஞ்சது இதனாலதான். ஓடுனா தூரம் போறான், நின்னு குதிச்சா போவ மாட்டேங்கறான், பட்டன அழுத்திப் புடிச்சா ஒசரமா போறான், தட்டி விட்டா கம்மியா போறான், நிப்பாட்டுனாலும் டக்குன்னு நிக்காம செத்த வழுக்கிட்டுப் போயி நிக்கிறான். அந்த ஒடம்பு கனம் நம்ம ஒடம்பு கனம் மாதிரியே இருக்கு.

நாங்க வெளாண்டது அசல் மெஷின் கெடையாது. 1983ல நிண்டெண்டோ கம்பெனி ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம்ங்கற வீடியோ கேம் மெஷினோட காப்பி, சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து வர்றப்ப கொண்டாந்தது. டிவில சேனல் திருப்பித் திருப்பி டியூன் பண்ணணும், அடாப்டர் சூடாயிட்டா ஆஃப் பண்ணி ஆற வைக்கணும், கேசட்ட கழட்டி ஊதி ஊதி சொருவணும். கேசட்டு டவுன்ல ஒரு கடைல வாங்குனது, மேல 9999 இன் 1னு போட்டிருந்துது, உள்ள இருந்தது பத்துப் பன்னெண்டு கேம்தான், அதையே நம்பர மாத்தி மாத்திப் போட்டு ரொப்பி வச்சிருந்தான். அதுல மாரியோ மட்டுமே ஏகப்பட்ட நம்பர்ல இருக்கும், ஒரு நம்பர்ல போனா முதல் ஸ்டேஜ், இன்னொன்னுல போனா நேரா ஏழாவது உலகம். காசு வாங்கிட்டு புள்ளைங்கள ஏமாத்துனதுக்கு இன்னிக்கும் எனக்கு அந்தக் கடைக்காரர் மேல கோவம் இருக்கு. ஆனா அந்த ஏமாத்துலதான் ஒரு விஷயம் தெரிஞ்சுகிட்டேன். ஏழாவது உலகத்துல வந்து வுழுந்தப்ப எங்களுக்கு ஒன்னுமே வெளங்கல, சுத்தியல் வீசுற ரெட்டப்பசங்க கிட்ட செத்துச் செத்து மெஷினையே அமத்திட்டோம். 1-1, அதாவது முதல் உலகத்து முதல் ஸ்டேஜ்லேர்ந்து வரிசையா வந்தப்பதான் ஒவ்வொன்னா கை புடிச்சுது. அந்த வரிசைதான் அந்த கேமோட உசுரு.

1-1ல ஆரம்பத்த பாருங்க. மாரியோ எடது ஓரமா நிக்கிறான், வலது பக்கம் பூரா காலி, எங்க போவணும்னு சொல்லவே வேணாம். கேள்விக்குறி போட்ட பெட்டி மின்னுது, கீழ அந்தப் பழுப்புக் காளான் பய நடந்து வரான், குதிக்கலன்னா செத்த. குதிச்சா பெட்டில முட்டுவ. அடுத்த பெட்டிலேர்ந்து நல்ல காளான் ஒன்னு வந்து வலது பக்கமா ஓடி பைப்புல இடிச்சு திரும்பி நம்மகிட்டயே வருது, பயந்து தாண்டலாம்னு குதிச்சாலும் மேல செங்கல்லு இருக்கு, தல இடிச்சு அது மேலயே வந்து வுழுவோம், பெருசாயிடுவோம். ஸ்டேஜ் முடிவுல ரெண்டு படிக்கட்டு எதிரெதிரா இருக்கும், நடுவுல வெறும் தரை. அதத் தாண்டுனதும் அதே மாதிரி இன்னொரு படிக்கட்டு ஜோடி, இப்ப நடுவுல பள்ளம். மொதல்ல தரை மேல பழக்கி வுட்டுட்டு அப்புறம் பள்ளத்துக்கு மேல தாண்ட வைக்கிறான். காஞ்ச வாய்க்கால தாண்டிப் பழகிட்டு தண்ணி வந்ததும் தாண்டுற மாதிரி. இத ஒரு வார்த்தை எழுதிக் காட்டாம பண்ணிருக்காங்க இந்த கேம உருவாக்குன மியாமோட்டோவும் தெசுகாவும், 1985ல, மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள்ள. நம்ம போன்ல எடுக்குற ஒரு போட்டோ அத விட பல மடங்கு. மேகமும் புதரும் ஒரே படந்தான், கலர மட்டும் மாத்திப் போட்டிருப்பாங்க, எடத்த மிச்சம் புடிக்க.

குறை இல்லையான்னா இருக்கு. 32 ஸ்டேஜ்னு சொன்னாலும் 5-3ல வர்றது 1-3தான், 7-2ல வர்றது 2-2தான், கொஞ்சம் கஷ்டப்படுத்தி திருப்பிப் போட்டது. எல்லாக் கோட்டைலயும் அதே டிராகன், அதே பாலம், அதே கோடாலி. 4-4லயும் 7-4லயும் வழி தப்பா போனா அதே எடம் திரும்பத் திரும்ப வரும், தப்பா போறோம்னு ஒரு அறிகுறியும் கெடையாது, அது எனக்கு அநியாயமாதான் படும். அப்புறம் பின்னாடி போவ முடியாது, ஒரு தடவ திரை நவுந்துட்டா விட்ட காசு விட்டதுதான்.

1986ல ஜப்பான்ல மட்டும் ரெண்டாவது பாகம்னு ஒன்னு வந்துச்சு, இப்ப அத லாஸ்ட் லெவல்ஸ்னு சொல்றாங்க. இத நான் பெரியவனானப்புறம்தான் வெளாண்டேன், எனக்குப் புடிக்கல. முதல் ஸ்டேஜ்லயே விஷக் காளான் வருது. ரகசிய வழிய கஷ்டப்பட்டு கண்டுபுடிச்சு போனா மூணாவது உலகத்துலேர்ந்து முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்புது. முதல் பாகம் சொல்லிக் குடுத்த நம்பிக்கைய எல்லாம் இது ஒடைக்கிது. சொல்லிக் குடுக்குற வாத்தியாரு ஒருத்தர், பெயிலாக்கவே பேப்பர் செட் பண்ற வாத்தியாரு ஒருத்தர், இது ரெண்டாவது வகை. ஆனா ஒன்னு, மாரியோவோட தம்பி லூய்ஜிக்கு தனி ஒடம்பு குடுத்தது இதுலதான், ஒசரமா குதிப்பான் ஆனா வழுக்குவான், ஈரக் கரைல எறங்குன மாதிரியே.

அமெரிக்காவுக்கு 1988ல ரெண்டாவது பாகம்னு போனது வேற கேமு. டோக்கி டோக்கி பானிக்னு 1987ல ஜப்பான்ல வந்தத எடுத்து ஆளுங்கள மட்டும் மாரியோ ஆளுங்களா மாத்துனது. இத மாரியோவே இல்லன்னு சொல்றவங்க இருக்காங்க, நான் அப்புடிச் சொல்ல மாட்டேன். மிதிச்சா எதிரி சாவ மாட்டான், தூக்கி வீசணும், தரைலேர்ந்து காய்கறிய புடுங்கி அடிக்கணும். நாலு பேருல யார வேணா எடுக்கலாம், இளவரசிய எடுத்தா அந்தரத்துல செத்த மெதக்கலாம். எங்க பெரியம்மா பொண்ணுக்கு இந்த ஒரு கேம்தான் புடிக்கும், காப்பாத்தப்படுறவளா இல்லாம அவளே ஓடுறான்னு. சாவிய எடுத்ததும் தொரத்துற அந்த முகமூடிக்கு நாங்க எல்லாருமே பயப்புடுவோம். குறைன்னா, ஓட்டத்துக்கு இதுல பெரிய மதிப்பில்ல, குந்தி ஒக்காந்து செத்த நேரம் காத்திருந்தா ஒசரமா எகுறலாம். ஓடி வராமயே வாய்க்கால தாண்டிடலாம்னா அப்புறம் என்ன இருக்கு?

இப்ப மூணாவதுக்கு வரேன். ஜப்பான்ல 1988 அக்டோபர், அமெரிக்காவுல 1990. நான் இதுக்குத்தான் ஓட்டு போடறேன், நேத்தும் இதுக்குத்தான் கத்துனேன்.

தெறக்கறப்பவே நாடகத் தெரை மேல போவுது. ஸ்டேஜ்ல பலகையெல்லாம் ஆணி அடிச்சு நிறுத்துன மாதிரி, பின்னாடி நெழல் வுழுவுது, சில பலகை மேலேர்ந்து தொங்குது. திருவிழாவுக்கு ராத்திரி போடுற நாடகக் கொட்டாய பாத்து வளந்தவங்களுக்கு அது சட்டுன்னு ஒட்டிக்கும். உலகத்துக்கு ஒரு மேப்பு, எந்த வழில போவணும்னு கொஞ்சம் நம்ம இஷ்டம். நாலாவது உலகத்துல எல்லாமே ராட்சச சைசு, அஞ்சாவதுல பாதி வானத்துல, ஏழாவதுல பூரா பைப்பு. 5-3ல ஒரு பச்ச பூட்ஸ் வரும், எதிரிகிட்டேர்ந்து புடுங்கி அதுக்குள்ள ஏறிக்கிட்டு முள்ளு மேல எல்லாம் குதிச்சுப் போவலாம், அந்த ஒரு ஸ்டேஜுக்கு மட்டும்தான், அதுக்கப்புறம் எங்கயுமே வராது. இவ்வளவு நல்ல ஒன்ன ஒரே ஒரு எடத்துல வச்சுட்டு போயிட்டே இருக்காங்கன்னா எவ்வளவு சரக்கு கையில இருந்திருக்கணும்.

ஆனா நான் இத ஒசத்தின்னு சொல்றது அந்த எலைக்காக. எலைய எடுத்தா காதும் வாலும் மொளைக்கும், பறக்கலாம். ஆனா சும்மா பறக்க முடியாது. கீழ அம்புக்குறி வரிசையா இருக்கும், ஓட ஓட ஒவ்வொன்னா ரொம்பும், எல்லாம் ரொம்பி கடைசில பி எழுத்து மின்னுனாதான் கெளம்பலாம், கெளம்புனாலும் செத்த நேரந்தான். அதனால ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் கண்ணு தன்னால ஓடுறதுக்கு எடம் தேட ஆரம்பிச்சுடும், "இங்க நீட்டா தரை கெடக்குதே, அப்ப மேல ஏதோ வச்சிருக்கான்"னு. பறக்கறதுக்கும் ஓட்டம் கேக்குது பாருங்க, பத்தடி பின்னால போயி ஓடி வர்ற அதே கணக்கு. முதல் பாகத்துல இருந்த அந்த ஒடம்ப அப்புடியே வச்சுகிட்டு மேல ஒரு மாடி கட்டிருக்காங்க.

குறையும் பெருசுதான், ஒத்துக்கறேன். அவ்வளவு பெரிய கேம்ல சேவ் பண்ற வசதி கெடையாது. நாங்க ஒரு தடவ காலைல பழைய சோறு சாப்புட்டு ஒக்காந்து மத்தியானம் மூணு மணிக்கு எட்டாவது உலகம் வரைக்கும் வந்துட்டோம், மேப்புல நடக்கறப்ப தரைலேர்ந்து கை வந்து புடிச்சு இழுக்கும் பாருங்க, அதுல ரெண்டு கைய தாண்டியாச்சு, கரண்டு போயிடுச்சு. நாலு பேரும் ஒன்னும் பேசல. வெளில வந்து மதகு மேல ஒக்காந்துட்டோம், சாயங்காலம் கரண்டு வந்தப்பக்கூட யாரும் எழுந்து போவல. சேவ் மட்டும் இருந்திருந்தா நான் இதோட முடிவ பாக்க இன்னும் பல வருஷம் காத்திருந்திருக்க மாட்டேன். அப்புறம் முதல் ஏழு உலகத்து முடிவுலயும் வர்ற பறக்கும் கப்பல், தெரை தானா நவுரும், நாம அது இழுத்த இழுப்புக்குப் போவணும், ஓட எடம் கெடையாது. கோட்டைல எல்லாம் பூம் பூம்னு அதே எதிரிதான், மூணு தடவ தலைல மிதிச்சா முடிஞ்சுது.

மச்சான் தூக்கி வச்சு ஆடுற வேர்ல்டு 1990 நவம்பர்ல நிண்டெண்டோவோட அடுத்த மெஷின் சூப்பர் ஃபேமிகாமோடயே வந்தது. நல்லதெல்லாம் சொல்லிடறேன். சேவ் இருக்கு. மேல ஏறி சவாரி பண்ண யோஷிங்கற டைனோசர் இருக்கு. வெளில போற வழி மொத்தம் 96, மேப்புல ஒரு ரகசியம் கண்டுபுடிச்சா புதுசா ஒரு பாதை தெறக்கும் பாருங்க, அந்த சந்தோஷத்துல மூணாவது பாகம் இது கிட்டக்க வர முடியாது. பேய் வீடு பிரமாதம். கோண்டோவோட மியூசிக், ஒரே மெட்ட எடுத்து தண்ணிக்கு ஒரு மாதிரி, குகைக்கு ஒரு மாதிரி போட்டிருப்பாரு, யோஷி மேல ஏறுனா மட்டும் கூட ஒரு தாளம் சேந்துக்கும், எறங்குனா அது நின்னுடும். இதெல்லாம் யாரும் மறுக்க முடியாது.

ஆனா பறக்கறதுக்கு முதுகுல கட்டிக்கிற அந்த மஞ்ச துணி. அதக் கட்டிகிட்டு ஒரு தடவ ஓடி மேல கெளம்பிட்டா அப்புறம் பின்னால இழுத்து இழுத்து விட்டாலே போதும், ஸ்டேஜ் முடியிற வரைக்கும் எறங்கவே வேணாம். கீழ ஒருத்தன் ஒவ்வொரு கல்லையும் யோசிச்சு யோசிச்சு வச்சிருக்கான், நாம மேல பறந்து எதையும் பாக்காம போயிடறோம். மூணாவதுல அப்புடி நிறுத்தாம பறக்கணும்னா பி விங்னு ஒன்னு வேணும், அது ஒரு ஸ்டேஜோட தீந்துடும், அதனால எங்க செலவு பண்றதுன்னு யோசிப்போம். "புடிக்கலன்னா துணிய எடுக்காத"ன்னான் மச்சான். அது பதிலே இல்ல. சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தின்னா கொழம்ப ஊத்திக்காதன்னு சொல்ற மாதிரி.

மாரியோ 64ஐ இதுல சேக்கல, அது த்ரீ டி, வேற வம்சம். 2006ல வந்த நியூ சூப்பர் மாரியோ நல்லாதான் இருந்துது, 2009ல நாலு பேரு சேந்து வெளாடறதும் வீட்டுல சிரிப்பும் சத்தமுமா இருக்கும், ஆனா 2012ல ஒரே வருஷத்துல ரெண்டு விட்டாங்க பாருங்க, அதே பாட்டு, அதே பாலைவனம், அதே பனி, அச்சுல ஊத்துன மாதிரி. அதுலேர்ந்து 2023ல வொண்டர்னு ஒரு மாரியோ வந்துதான் காப்பாத்துச்சு. பூவ தொட்டா பைப்பு புழு மாதிரி நெளியுது, செடியெல்லாம் வரிசையா பாடுது, நேரக் கணக்கையும் எடுத்துட்டாங்க. அடுத்து என்ன வரும்னு யூகிக்க முடியாத அந்த ஆச்சரியம் மூணாவது பாகத்துக்கு அப்புறம் எனக்கு இதுலதான் கெடச்சுது. ஆனா நேரம் இல்லாததால ஓடவும் அவசரமில்ல, நின்னு நிதானமா போவலாம், அதுல எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

போன வருஷம் மச்சான் லீவுல வர்றப்ப பாப்பாவுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் மெஷின் வாங்கிட்டு வந்தான், அதுல பழசு எல்லாமே இருக்கு, செத்தா பின்னால ஓட்டி திருப்பி வெளாடற வசதியும் இருக்கு. மூணாவது பாகத்துல அவ இப்ப ரெண்டாவது உலகத்துல நிக்கிறா. நேத்து நாங்க போன்ல சண்ட போட்டுகிட்டு இருந்தப்ப அவ பக்கத்துல ஒக்காந்து வெளாண்டுகிட்டுதான் இருந்தா. ஒரு பள்ளத்துகிட்ட வந்து நின்னா. எட்டிப் பாத்துட்டு, தானா திரும்பி பின்னால நடந்து போனா, சொவரு இடிக்கிற வரைக்கும். மச்சான் அந்தப் பக்கம் துணியப் பத்தி கத்திகிட்டே இருந்தான். நான் "செத்த இருடா"ன்னுட்டு போன கீழ வச்சேன்.