பூட்டு உடையவில்லையாம்!

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், விடிவதற்கு முன் ஐந்தரை மணி. கார்க் கொட்டகைப் பக்கம் போன நான் முதலில் கண்டது நிலத்தில் கிடந்த பூட்டை. பூட்டியபடியே கிடந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கொண்டியும் நாதாங்கியும் அதோடு கோத்தபடியே கிடந்தன. கொண்டியின் நான்கு துளைகளிலும் நான்கு திருகாணிகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலின் ஒரு கணு நீளம். ஏழாயிரம் ரூபா கொடுத்து வாங்கிய பூட்டைத் திருடன் தொடவே இல்லை. கொண்டிக்குப் பின்னால் அலவாங்கைச் செருகி ஒரே நெம்பு நெம்பியிருக்கிறான். அவ்வளவுதான் வேலை.

உள்ளே பற்றரி இல்லை. முன்விளக்குகளைச் சுற்றியிருந்த குரோம் வளையங்கள் இல்லை. நான்கு சில்லு மூடிகளும் இல்லை. பொனற்றின் முனையில் இருந்த சின்னத்தை நெம்பி எடுத்ததில் வர்ணம் பெயர்ந்து தகரம் தெரிந்தது. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேற்றரும் இல்லை. அதைக் கண்டபோதுதான் நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அது 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர், 948 சீசீ. அப்பாவின் கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. ஆகவே உலகில் அரிதான பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்ணூறில் போரினால் நாங்கள் இந்தத் திருகோணமலை வீட்டை விட்டுப் போனபோது அப்பா சில்லுகளைக் கழற்றி, காரைக் கற்களின் மேல் நிறுத்தி, எஸ்.யு. கம்பனியின் அந்தக் கார்புரேற்றரை மட்டும் சாக்கில் சுற்றித் தன் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார். அது இல்லாவிட்டால் யாராலும் காரை எடுத்துப்போக முடியாது என்பது அவருடைய கணக்கு. அம்மாவின் சேலைகளுக்குக்கூட இடமில்லாத பெட்டி அது. திரும்பி வந்து அதைக் காரில் பொருத்தி, எஞ்சினைக் கையால் சுற்றி இயக்கிய நாளில் அப்பா அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தையெல்லாம் தாண்டி வந்த பொருள், நான்கு குட்டைத் திருகாணிகளால் போய்விட்டது.

கதவு போட்டவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வந்தார், பார்த்தார். பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூட்டு உடையவில்லையே அண்ணா."

அதை ஏதோ நற்செய்தி போலச் சொன்னார். அன்றிலிருந்து அந்த வசனம் என் காதுக்குள்ளேயே நிற்கிறது.

பூட்டு ஏன் உடைய வேண்டும்? கதவின் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. அந்தத் தகட்டில் துளையிட்டுத் திருகாணியை முறுக்கினால் எத்தனை புரி பிடிக்கும்? ஒரு புரி. நல்ல நாளில் ஒன்றரை. கை நீள அலவாங்கு கொடுக்கும் நெம்புகோல் விசைக்கு முன்னால் அது நிற்குமா? செய்ய வேண்டியிருந்தது என்ன என்பது அவருக்குத் தெரியாத விடயமல்ல. கொண்டியின் துளை வழியாகத் தலை உருண்ட மரையாணியை உள்ளே செலுத்தி, கதவின் உட்புறத்தில் ஐந்து மில்லிமீற்றர் இரும்புப் பட்டை வைத்து, அதன்மேல் நட்டு முறுக்க வேண்டும். வெளியே நிற்பவனுக்கு ஸ்பானர் போட்டுக் கழற்ற ஒரு முனையும் தெரியக் கூடாது. அல்லது கொண்டியைத் தகட்டில் வைக்காமல் கதவின் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் பண்ணிவிட வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேர வேலை, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபா செலவு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவே இல்லை. கதவுக்கு வர்ணம் பூசும்போது மூன்று நிறங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டவர், ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன் பிறகு கொட்டகையை ஒரு திருடனின் கண்ணால் சுற்றிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க உடம்பு எரிந்தது. கதவின் பிணைச்சல்கள் வெளிப்புறம். அவற்றின் ஊசிகளைக் கீழிருந்து ஒரு தட்டுத் தட்டினால் கழன்று வரும், பூட்டு பூட்டியபடியே கதவு முழுவதையும் பக்கத்தில் சாய்த்து வைக்கலாம். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. அதைப் பிடிக்கும் கொக்கி ஆணிகளின் நட்டுகள் எல்லாம் மேலே. மதிலில் ஏறி நின்றால் கைக்கு எட்டும் உயரம். ஒரு ஸ்பானர் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு தகட்டைத் தூக்கிவிடலாம். ஆக, நான் பணம் கொடுத்துக் கட்டியது மழைக்கு ஒரு மறைப்பு. அதைப் பாதுகாப்பு என்று நம்பி ஆறு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இதைவிட ஆத்திரம் வருவது இரும்புக் கடையில். இந்த ஊர் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். வாடைக் காற்றில் மழையோடு சேர்ந்து உப்பு வரும். கச்சான் என்ற மேல்காற்றுக் காலத்தில் புழுதி வந்து பூட்டின் துளைக்குள் குடியிருக்கும். பித்தளைப் பூட்டு என்று வாங்கினால் உடல் மட்டும்தான் பித்தளை, வளையம் உருக்கு, அது ஒரு வாடைக்குள் கறள் பிடித்து இறுகிவிடும். ஊருக்குள் இது தெரியாத வீடு இல்லை. ஆனால் கடலில்லாத கண்டிக்கும் குருநாகலுக்கும் அனுப்புகிற அதே சரக்கை இங்கேயும் இறக்கி, அதே விலைக்கு விற்கிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் உருக்கில் 304 என்று ஒரு தரம் இருக்கிறது, 316 என்று ஒரு தரம் இருக்கிறது. 316இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது கடலுப்பின் குளோரைட்டைக் கூடுதலாகத் தாங்கும். 304 சமையலறைக்கு நல்லது. கடற்கரையில் சில மாதங்களிலேயே தேநீர் சிந்திய கறைபோலப் பழுப்பு நிறம் படரும். நான் 316 மரையாணி கேட்டேன். கடையில் நின்ற தம்பி ஒரு காந்தத்தை எடுத்து ஆணியில் வைத்துக் காட்டினான்: "ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ்." காந்தம் இரண்டிலும் வலுவாக ஒட்டாது! அந்தச் சோதனையால் 304ஐயும் 316ஐயும் பிரித்தறியவே முடியாது. சொன்னேன். "எல்லாம் ஒன்றுதான் ஐயா, பெயர்தான் வேறு" என்றான். ஒன்று என்றால் விலை ஏன் வேறாக இருக்கிறது? பதில் இல்லை. ஸ்டெயின்லெஸ் கொண்டியோடு சாதாரண நாகப்பூச்சு ஆணிகளை ஒரே பொட்டலத்தில் போட்டு விற்கிறார்களே, அது இன்னும் கொடுமை. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு முதலில் தின்பது ஆணியைத்தான். வெளியே கொண்டி பளபளவென்று இருக்கும், உள்ளே ஆணி மாவாகியிருக்கும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெயில் புழுதி ஒட்டிப் பசையாகி, ஆறு மாதத்தில் பூட்டைத் திறக்கும் திறப்பு உள்ளே திரும்பாது. பூட்டின் துளைக்கு வேண்டியது கிராபைற் தூள்.

கொட்டகையை எல்லாப் பக்கமும் அடைத்துவிடுங்கள் என்று புத்தி சொன்னவர்கள் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள். காற்றோட்டம் இல்லாத அறைக்குள் இந்த ஊர் ஈரப்பதத்தில் ஒரு பழைய காரைப் பூட்டி வைத்தால், திருடன் வராமலே கார் போய்விடும். அடித்தகடு உள்ளிருந்து கறள் பிடிக்கும், ஆசனத்தில் பூஞ்சணம் ஏறும். பிளாஸ்ரிக் விரிப்பால் மூடினால் அடியில் வியர்த்து இன்னும் கேடு. பருத்தித் துணிதான் மூச்சு விடும். ஆகவே சுவரின் மேற்பகுதியில் காற்று வரத் திறப்பு வேண்டும். அந்தத் திறப்பில் கோழிக் கூட்டு வலையை அடிக்காமல், ஒரே தகட்டை வெட்டி விரித்துச் செய்த தடித்த இரும்பு வலையை உட்புறமிருந்து பொருத்த வேண்டும். இதை நானே தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். கட்டுகிறவர்கள் சொல்லியிருக்க வேண்டிய விடயம் இல்லையா இது?

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "ஏன் கமரா போடவில்லை?" இரண்டாவது கேள்வி, "அந்தப் பழைய சாமானின் பெறுமதி என்ன?" சொன்னேன். நம்பவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் சில்லுள்ள எந்தப் பொருளின் விலை ஏறாமல் இருந்தது? சிறிய ஜப்பானியக் காருக்கே அரைக் கோடி கேட்கிற ஊரில், பக்கக் கண்ணாடியும் பற்றரியும் கழற்றி விற்பது ஒரு தொழிலாகிவிட்டது. பழைய கார்களின் பாகங்கள் இன்னும் மோசம். புதிதாக வராத பொருளுக்கு விலை வைப்பவன் அதை வைத்திருப்பவன்தான். காப்புறுதி மூன்றாந்தரப்பு மட்டும். முழுக் காப்புறுதிக்கு நான் முயலாமல் இல்லை. காரின் வயதைக் கேட்டதும் படிவத்தைத் திருப்பித் தந்தார்கள்.

கமராவும் போட்டேன். போட்டவர் பதிவுப் பெட்டியைக் கொட்டகைக்குள்ளேயே, கதவுக்கு நேரே ஒரு பலகையில் வைத்துவிட்டுப் போனார். திருடுகிறவன் தன் முகத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவதற்கு வசதியாக! நான்தான் பெட்டியை வீட்டுக்குள் மாற்றினேன். மின்சாரம் போனால் கமரா குருடு. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருட்டில் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து தீவு முழுவதும் இருண்டது. திருட்டு நடந்த இரவும் எங்கள் பகுதியில் மழையோடு மின்சாரம் இல்லை. மின்கலச் சேமிப்பு இல்லாமல் கமரா விற்பவர்கள் இதை வாடிக்கையாளரிடம் சொல்வதே இல்லை.

அசைவைக் கண்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் வைத்தேன். இரவில் நகருக்குள் உலவும் புள்ளிமான்கள் மதிலோரப் புல்லை மேய வந்தால் அது அலறுகிறது. மான்களில் பிழை இல்லை. அவை காலம்காலமாக இங்கே திரிகின்றன. இடுப்பு உயரத்துக்குக் கீழே அசைவதைக் கணக்கில் எடுக்காதபடி அந்தக் கருவியைச் சாய்த்துப் பொருத்தலாம் என்று பின்னால்தான் அறிந்தேன். அதையும் பொருத்தியவர் செய்யவில்லை. மூன்று இரவு ஊரை எழுப்பிய பிறகு பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பி, பிள்ளைக்குப் பரீட்சை" என்றார். நிறுத்திவிட்டேன்.

கடைசியில் வேலை தெரிந்த ஒருவரைத் திருக்கடலூரில் கண்டேன். படகு திருத்துகிறவர். அவரிடம் போய் 304, 316 என்று நான் தொடங்கும் முன்பே ஒரு தகரப் பேணியைத் திறந்து, "இது கடலுக்கு, இது கரைக்கு" என்று இரண்டு குவியலாகப் பிரித்துக் காட்டினார். மறுநாள் வந்து கொண்டியை மரையாணியால் ஊடாகப் பிடித்தார். உட்புறம் பட்டை வைத்தார். நட்டை முறுக்கிய பின் ஆணியின் நுனியைச் சுத்தியலால் தட்டி விரித்துவிட்டார், இனி உள்ளே இருந்தும் எவராலும் கழற்ற முடியாது. பிணைச்சல் பக்கத்தில் கதவுக்குள் இரண்டு இரும்பு முளைகளை வெல்டிங் பண்ணினார். கதவு மூடும்போது அவை சட்டத்துக்குள் போய் உட்காரும், ஊசியை உருவினாலும் கதவு வராது. கூரை நட்டுகளின் புரிகளையும் நசுக்கிவிட்டார். ஒரு பகல் வேலை. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைக் காரில் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லித் தந்தவரும் அவர்தான். அந்தச் சிறிய துண்டு இல்லாமல் எந்த மோரிஸும் இயங்காது. அப்பாவுக்கும் இது தெரிந்திருக்கும். கார்புரேற்றரைச் சுமக்காமல் ரோட்டரைச் சட்டைப் பையில் போட்டிருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். அவருக்கு முழுதாக ஒன்றைக் கையில் பிடித்திருக்க வேண்டியிருந்தது போலும்.

கார்புரேற்றர் இன்னும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், வேறு மாதிரி.

நேற்று மாலை அடுத்த தெருவால் வந்துகொண்டிருந்தேன். புதுக் கார் வாங்கிய ஒருவரின் வீட்டில் கொட்டகைக்குக் கதவு பொருத்துகிறார்கள். எனக்குக் கதவு போட்ட அதே ஆள். மெல்லிய தகடு. நான்கு திருகாணி. மோட்டார் சைக்கிளை நிறுத்தி வீட்டுக்காரரை வெளியே கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து திறந்து காட்டினார்.

"பயப்படாதீர்கள் அண்ணா," என்றார், "பூட்டு நல்ல பூட்டு."