5 கிலோமீட்டர் ஆற்றைக் கடக்க ஆறரை மணி நேரமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற நாடே ஓர் ஆற்றின் இரு கரைகள்தான். அப்படிப்பட்ட நாட்டில் ஆற்றைக் கடப்பதே இவ்வளவு பெரும்பாடாக இருப்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. தலைநகர் பாஞ்சுலிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பாராவுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்குப் போன நான் மறுகரையில் கால் வைத்தபோது மணி ஒன்றரை. அடிமை வணிகத்தின் சாட்சியாக நிற்கும் குண்டா கிந்தே தீவைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன், பார்க்காமலே திரும்பினேன்.

ஒரு படகு பழுது என்றார்கள். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டால், சீட்டுக் கொடுத்தவருக்கே தெரியவில்லை. எனக்குப் போனது ஒரு நாள்தான். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, மேலே போட்டிருந்த ஈரச் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பனிக்கட்டி உருகி என் செருப்புவரை ஓடி வந்தது. அவருடைய நட்டத்துக்கு யார் பொறுப்பு?

பொறுமையிழந்தவர்கள் மரப்படகுகளைத் தேடிப் போகிறார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இளைஞர்கள் ஆட்களைத் தோளில் சுமந்துபோய் ஏற்றிவிடுகிறார்கள். ஆறு கடலோடு கலக்கும் இடம் அது, அலை சாதாரணமானதல்ல. நான் பார்த்த படகில் பாதிப் பேருக்கு மிதவைச் சட்டைகூட இல்லை.

2019 ஜனவரியில் ஃபராஃபென்னி என்ற ஊரருகே இதே ஆற்றின்மேல் செனகாம்பியா பாலம் திறக்கப்பட்டது. லாரிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்த கொடுமை அதனால் தீர்ந்தது என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், உள்நாட்டில் இருக்கிறது. எதிர்க்கரையைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் அதைக் காட்டி என்ன பயன்? ரயிலும் கிடையாது.

சாலையில் ஓடும் மஞ்சள் டாக்சிகளையும் கெலே-கெலே வேன்களையும் நான் குறை சொல்லமாட்டேன். நெருக்கியடித்து உட்கார வேண்டும், கால அட்டவணை கிடையாது. ஆனாலும் ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பிவிடும் என்பது ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். படகுத்துறையில் அந்த உறுதிகூட இல்லை. புதுப் படகு வாங்கப் பணம் வேண்டும், காலம் வேண்டும், புரிகிறது. இன்று எத்தனை படகு ஓடுகிறது, அடுத்தது எத்தனை மணிக்கு என்பதைச் சீட்டு விற்பதற்கு முன்பே வாசலில் எழுதி வைப்பதற்கு என்ன தடை? அதைப் பார்த்திருந்தால் அந்த அம்மா அன்று மீனைப் பாஞ்சுலிலேயே விற்றிருப்பார்.